பிளாஸ்டிக் வளைக்க வீட்டிலேயே ஹீட்டர் செய்கிறீர்களா? பிளக்கைச் சொருகுவதற்கு முன் ஒரு கேள்வி

அக்ரிலிக் ஷீட்டை ஒரு கோட்டில் மட்டும் சூடாக்கி மடிக்க உதவும் ஸ்டிரிப் ஹீட்டரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரிதாக எதுவும் இருக்காது. இழுத்துக் கட்டிய ஒரு நிக்ரோம் கம்பி (நிக்கலும் குரோமியமும் கலந்தது), அதைச் சூடாக்கக் கொஞ்சம் மின்சாரம், இரண்டு பக்கமும் ஷீட் உட்கார ஒரு மேடை, அவ்வளவுதான். அதனால்தான் இதை வாங்காமல் வீட்டிலேயே செய்துகொள்கிறவர்கள் இத்தனை பேர். நானும் அப்படித்தான் செய்தேன், பல வருடமாக அதில்தான் பெட்டி, ஸ்டாண்டு, மெஷின் கவர் எல்லாம் மடிக்கிறேன். தெரிந்தவர்கள் தாங்கள் செய்ததைக் கொண்டுவந்து "சரியா இருக்கா பாருங்க" என்று கேட்பார்கள். எல்லாரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இதில் ஏதாவது ஒரு பாகம் கெட்டுப்போனால் ஹீட்டர் அணையுமா, இல்லை இன்னும் சூடேறுமா?

பெரும்பாலானவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள். ஒழுங்காக ஓடும்போது எல்லாக் கருவியும் பாதுகாப்பானதாகத்தான் தெரியும், பத்து முறை மடித்து நன்றாக வந்துவிட்டால் நம்பிக்கையும் வந்துவிடும். கெடுகிற நாளில்தான் அதை எப்படிக் கட்டினோம் என்பது தெரியவரும்.

முதலில் சூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அக்ரிலிக் 105 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளக ஆரம்பிக்கும், ஒழுங்காக மடிய 150லிருந்து 160 வரை வேண்டும். பாலிகார்பனேட் இளகவே ஏறக்குறைய 150 ஆகும், மடிக்க இன்னும் மேலே போக வேண்டும். ஷீட் கம்பியைத் தொடாமல் சில மில்லிமீட்டர் தள்ளி இருப்பதால், ஷீட் 150க்கு வர கம்பி அதைவிட எவ்வளவோ அதிகச் சூட்டில் இருந்தாக வேண்டும். ஆனால் எந்தப் பொருளும் 525 டிகிரியை நெருங்கும்போதுதான் இருட்டிலேயே மங்கலாகச் சிவக்கத் தொடங்கும், வெளிச்சமான அறையில் அதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதாவது 400 டிகிரியில் இருக்கும் கம்பியும் அணைத்து வைத்த கம்பியும் பார்க்க ஒன்றுதான். கருப்பாக இருக்கிறதே என்று விரலை வைத்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் கம்பிக்கு மின்சாரம் போகும்போது எரிகிற ஒரு சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும். அதைச் சுவிட்சுக்கு முன்னால் வைக்காமல் கம்பிக்குப் போகும் வயரிலேயே இணையுங்கள், அப்போதுதான் அது கம்பியின் நிலையைச் சொல்லும்.

சரி, மின்சாரத்துக்கு வருவோம், இங்கேதான் உயிர் போகிற விஷயம் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள நிக்ரோம் கம்பிக்கு ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 5.5 ஓம் மின்தடை. அதை நேராக 230 வோல்ட்டில் கொடுத்தால் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பிரேக்கர் விழும் அல்லது கம்பி உருகி அறுந்து தெறிக்கும். இது எல்லாருக்கும் தெரியும் என்பதால், நடுவில் ஒரு மின்விசிறி ரெகுலேட்டரையோ விளக்கு டிம்மரையோ போட்டுவிட்டு, "வோல்டேஜைக் குறைத்துவிட்டேன், பயமில்லை" என்கிறார்கள். சூடு குறைந்தது உண்மை. ஷாக் குறையவில்லை. டிம்மர் மின்அலையின் ஒரு பகுதியை வெட்டி விடுகிறது, அவ்வளவுதான். மூடாத அந்தக் கம்பி வீட்டு மின்சாரத்தின் லைனோடு நேராக இணைந்தேதான் இருக்கிறது. பிளக் திரும்பியிருந்தாலோ சுவிட்ச் நியூட்ரல் வயரில் வந்துவிட்டாலோ, சுவிட்சை அணைத்த பிறகும் கம்பியில் லைன் இருக்கும். ஷீட்டை நேராக வைக்க ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு, வியர்த்த கையோடு அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் குனிகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

முள்ளைத் திருப்பி வோல்டேஜை மாற்றும் வாரியாக் வைத்திருப்பவர்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள், அதுதான் எனக்குக் கவலை, ஏனென்றால் அது பார்க்க டிரான்ஸ்பார்மர் மாதிரியே இருப்பதால் பாதுகாப்பானது என்று நம்பிவிடுகிறோம். அதில் இருப்பது ஒரே சுருள். உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே கம்பியின் வேறு வேறு இடங்கள். முள்ளை 20 வோல்ட்டில் வைத்தாலும், வெளியே வரும் இரண்டு முனையும் பூமியைப் பொறுத்தவரை 230க்குப் பக்கத்தில் இருக்க வாய்ப்புண்டு. கையில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் எந்த வகை என்று சந்தேகமாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரை ஓமில் வைத்து, உள்ளே வரும் முனைக்கும் வெளியே போகும் முனைக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஏதாவது மின்தடை காட்டினால் உள்ளே இரண்டும் சேர்ந்திருக்கின்றன, அதை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். தொடர்பே இல்லை என்று காட்டினால்தான் தனித்தனிச் சுருள்.

மூடாத கம்பி என்றால் தனிச் சுருள் உள்ள டிரான்ஸ்பார்மர், அதுவும் 12 அல்லது 24 வோல்ட் என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மேலே சொன்ன கம்பியை ஒரு மீட்டருக்கு 24 வோல்ட்டில் கொடுத்தால் 4.4 ஆம்பியர், 105 வாட் வாக்கில் வரும், 3 மில்லிமீட்டர் ஷீட்டுக்கு அது போதும். டிரான்ஸ்பார்மரின் திறன் 150 விஏ (வோல்ட்-ஆம்பியர்) இருந்தால் திணறாமல் ஓடும். இல்லை, எனக்கு வீட்டு மின்சாரத்திலேயே நேராக ஓட வேண்டும் என்றால் மூடாத கம்பியை மறந்துவிட்டு, கேக் சுடும் அவனில் இருக்கும் குழாய் வகை ஹீட்டர் ராடைப் பயன்படுத்துங்கள். அதில் கம்பி நடுவில் இருக்கும், சுற்றிலும் மெக்னீசியம் ஆக்சைடு தூள், வெளியே உலோகக் குழாய். அந்தக் குழாயையும் மேடையின் உலோகப் பாகங்களையும் கட்டாயம் எர்த்தோடு இணைக்க வேண்டும், பின்னால், மின்சாரம் கசிந்தால் உடனே அறுத்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிடியும் இருக்க வேண்டும். நாள்பட்ட ராடு என்றால் அந்தத் தூள் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், எர்த் கசியும், ஆர்சிடி விழும். விழுகிறதே என்று ஆர்சிடியைக் கழற்றுகிறவர்களை என்ன சொல்வது என்று தெரியவில்லை, தயவுசெய்து ராடை மாற்றுங்கள்.

12 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் ஷாக் பயம் போகும், தீப் பயம் போகாது. கார் பேட்டரியில் நேராக மாட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அது ஷார்ட் ஆனால் சில நூறு ஆம்பியரை யோசிக்காமல் கொடுக்கும், வயரின் மேலுறை முழுக்க ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். எந்த மின்மூலமாக இருந்தாலும் கம்பிப் பக்கத்தில் தனியாக ஒரு பியூஸ் வேண்டும், மேலே சொன்ன கணக்குக்கு 5 அல்லது 6 ஆம்பியர். பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளை 12 வோல்ட்டைச் சுத்தமாகத் தரும், ஷார்ட் ஆனால் தானே அணையும், அதன் பெட்டியைத் திறக்காதவரை நல்ல பொருள்தான். திறந்தால் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிய கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் காத்திருக்கும். மைக்ரோவேவ் அவனின் டிரான்ஸ்பார்மரை எடுத்துச் சுருளை மாற்றிக்கட்டலாம் என்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து வருவது 2000 வோல்ட் வாக்கில், ஒரு மனிதனைக் கொல்லத் தேவையானதைவிடப் பல மடங்கு கரண்ட்டோடு. ஒரு தவறு செய்து கற்றுக்கொள்ள அதில் இடமே இல்லை. பிளாஸ்டிக் மடிப்பதற்காக அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனி கெடுவதற்கு வருகிறேன். டிம்மருக்குள் மின்அலையை வெட்டும் டிரையாக் என்ற பாகமும், வெப்பநிலை கண்ட்ரோலரோடு வரும் சாலிட் ஸ்டேட் ரிலே என்ற மின்னணுச் சுவிட்சும் கெடும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், அதாவது முழுதாக ஆன் நிலையிலேயே நின்றுவிடும். நீங்கள் திருகைக் குறைப்பீர்கள், கம்பி முழு வேகத்தில் சூடேறும். வெப்பநிலை கண்ட்ரோலர் போட்டிருக்கிறேனே என்பவர்களுக்கு இன்னொன்று இருக்கிறது. சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் இடத்திலிருந்து நழுவி வெளியே தொங்கினால், கண்ட்ரோலர் அறையின் 30 டிகிரியை அளந்துவிட்டு "இன்னும் சூடாகவில்லை" என்று நினைத்து முழு மின்சாரத்தையும் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதன் தவறு எதுவும் இல்லை, அதற்குத் தெரிந்ததைத்தானே செய்கிறது. தெர்மோகப்பிளை டேப்பால் ஒட்டாமல் ஒரு ஸ்குரூவால் இறுக்கிப் பிடிப்பது அதனால்தான் முக்கியம்.

என்னுடைய ஹீட்டரில் ஒரு நாள் ரிலே இப்படித்தான் ஆனில் மாட்டிக்கொண்டது. ஷீட் வைக்காமல் கம்பி சூடாகட்டும் என்று பக்கத்து மேசையில் அளவு குறித்துக்கொண்டிருந்தேன், கண்ட்ரோலர் சரியான எண்ணைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது, நான் எழுந்து போவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. மேடையின் அலுமினியச் சட்டத்தில் பொருத்தியிருந்த வெப்ப பியூஸ் அறுத்துவிட்டிருந்தது. ஒரு தேநீரின் விலைகூட இல்லாத சின்ன உருளை அது. குறிப்பிட்ட டிகிரியைத் தாண்டியதும் உள்ளே இருப்பது உருகி நிரந்தரமாக அறுந்துவிடும், திரும்ப ஒட்டாது, புதிது மாற்றினால்தான் ஓடும். அது கண்ட்ரோலரைக் கேட்பதில்லை, ரிலேவைக் கேட்பதில்லை, அதுதான் அதன் பலமே. எந்த டிகிரிக்கு வாங்குவது என்றால், ஹீட்டரை வழக்கம்போல நீண்ட நேரம் ஓட்டி, பியூஸ் உட்காரப்போகும் இடத்தின் சூட்டை அளந்து, அதைவிட 30, 40 டிகிரி மேலே உள்ளதை எடுங்கள். அதன் கால்களைச் சால்டர் செய்யாதீர்கள், சால்டரிங் சூட்டிலேயே அறுந்துவிடும், உலோகக் குழலுக்குள் நுழைத்து நசுக்கி கிரிம்ப் செய்யுங்கள். இதோடு, தானே திரும்பி வந்து அணைக்கும் சமையலறை வகை டைமர் ஒன்றை மின்வழியில் போட்டால், மறந்துவிட்டு வெளியே போகும் நாளுக்கும் ஆயிற்று.

கம்பியைக் கட்டுவதிலும் நிறைய இருக்கிறது. நிக்ரோம் சூடானால் நீளும், ஒரு மீட்டர் கம்பி 500 டிகிரி ஏறினால் 7 மில்லிமீட்டர் வாக்கில் நீளும். இரண்டு பக்கமும் ஆணியில் இறுகக் கட்டினால், சூட்டில் தொய்ந்து கீழே இருக்கும் மேடையைத் தொடும். மேடை மரம் என்றால் கருகும், அலுமினியச் சட்டம் என்றால் ஷார்ட் ஆகும், மேலே தொய்வு விழுந்த இடத்தில் ஷீட்டும் ஒரே சீராக இளகாது. ஒரு முனையில் ஸ்பிரிங் வேண்டும். மின் இணைப்பை ஸ்பிரிங்குக்கு முன்னால், கம்பியிலேயே கொடுங்கள். ஸ்பிரிங் வழியாகக் கரண்ட் போனால் அதுவும் சூடேறி இழுவையை இழந்துவிடும். முனைகளில் கம்பியை இரட்டையாக முறுக்கினால் அந்த இடம் குளிர்ச்சியாக இருக்கும். சாதாரண சால்டர் 183 டிகிரியில் உருகிவிடும், போதாததற்கு நிக்ரோமில் அது பிடிக்கவும் பிடிக்காது, அதனால் பித்தளை ஸ்குரூவும் பீங்கான் கனெக்டரும்தான் சரி. வரும் வயர் சாதாரண பிவிசி உறை என்றால் 70 டிகிரிதான் தாங்கும், கடைசி ஒரு முழத்தைச் சிலிக்கான் உறை உள்ள வயராக மாற்றிவிடுங்கள்.

மேடைக்கு மரம் போடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். சட்டத்துக்கு, தூரத்தில், போடலாம். கம்பிக்கு நேர் கீழே வேண்டாம். மரம் ஒரே நாளில் பற்றிக்கொள்ளாது, திரும்பத் திரும்பச் சூடாகிக் கருகிக் கரியாகிப்போன மரம் புது மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றும். "ஒரு வருடமாக ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை" என்பது இந்த விஷயத்தில் நல்ல செய்தி இல்லை. ஜிப்சம் பலகை சூட்டில் தன் நீரை இழந்து பொடியும். பீங்கான் ஓடு, கால்சியம் சிலிகேட் பலகை, ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத சிமென்ட் போர்டு, இவை நல்லவை. கடைசியாகச் சொன்னதில் கவனம் வேண்டும், பழைய கூரை ஷீட் துண்டு ஒன்று மூலையில் கிடக்கிறது, நெருப்புத் தாங்கும், அறுத்துப் போட்டுக்கொள்வோம் என்று தோன்றும். பழைய இஸ்திரிப் பெட்டியிலும் டோஸ்டரிலும் இருந்து உரித்தெடுக்கும் வெள்ளை அட்டையும் அப்படித்தான். அது ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால், அறுக்கும்போது பறக்கும் இழை நுரையீரலில் போய்த் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும்.

அடுத்து புகை. அக்ரிலிக்கை அளவோடு சூடாக்கினால் லேசான இனிப்பு கலந்த நெடி வரும், ஜன்னலைத் திறந்து, காற்றை உங்களிடமிருந்து வெளியே இழுக்கும்படி ஒரு ஃபேன் வைத்தால் சமாளிக்கலாம். குமிழி வந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம் (பாலிகார்பனேட்டில் மட்டும் குமிழிக்கு ஈரமும் காரணமாக இருக்கும், அதை முன்கூட்டியே உலர்த்த வேண்டும்). பிவிசி வேறு கதை. 80 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும், அதனால் அக்ரிலிக்குக்கு வைத்த சூட்டில் அதை வைத்தால் மிக எளிதாக அளவு மீறிப்போய் ஹைட்ரஜன் குளோரைடு வரும். மூக்கும் தொண்டையும் எரியும், அந்த அறையில் இருக்கும் இரும்புச் சாமான்கள் துருப்பிடிப்பதிலிருந்தே அது எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். தூசிக்குப் போடும் துணி மாஸ்க் இந்த வாயுவை நிறுத்தாது. டெஃப்லான் துணியை ஒட்டாமல் இருக்கக் கம்பி மேல் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 260 டிகிரிக்கு மேல் அது சிதையத் தொடங்கும், நம் கம்பி அதைத் தாண்டி நிற்கும், அந்தப் புகை காய்ச்சல் மாதிரி ஒன்றைக் கொண்டுவரும், வீட்டில் கூண்டுப் பறவை இருந்தால் அதைக் கொன்றேவிடும்.

என்ன பிளாஸ்டிக் என்றே தெரியாத துண்டைச் சூடாக்காதீர்கள். தண்ணீரில் போட்டால் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், பிவிசியும் அக்ரிலிக்கும் மூழ்கும். மூழ்கியது பிவிசியா என்று பார்க்க, வெட்டவெளியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு செம்புக் கம்பியின் நுனியைத் தீயில் பழுக்கக் காய்ச்சி அந்தப் பிளாஸ்டிக்கில் தொட்டு மறுபடி தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது. துளி அளவு போதும், அதைவிட அதிகம் எரிக்க வேண்டாம்.

பிவிசி பைப்பை மணல் நிரப்பி வளைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மணல் காய்ந்ததாக இருக்க வேண்டும், இரண்டு முனையையும் இறுக அடைக்கக் கூடாது. ஈர மணலில் இருக்கும் நீர் ஆவியானால் போக வழியில்லாமல் மூடியைத் தெறிக்க வைக்கும், அல்லது இளகிய இடம் வெடித்துச் சூடான மணல் முகத்தில் அடிக்கும். ஹீட் கன்னின் வாயில் 500, 600 டிகிரிக் காற்று வரும், ஆட்டிக்கொண்டே இருக்காவிட்டால் மேல்தோல் கருகி உள்ளே கெட்டியாகவே இருக்கும். சமையலுக்கு வைத்திருக்கும் அவனில் அக்ரிலிக்கை வைக்காதீர்கள், அதிலும் கேஸ் அவனில் வைக்கவே கூடாது. சூடான ஷீட்டிலிருந்து வரும் ஆவி எரியக்கூடியது, உள்ளே தீ திறந்தே இருக்கிறது. அக்ரிலிக் பற்றிக்கொண்டால் எரிகிற துளிகளாகக் கீழே சொட்டக்கூடும். அதனால் மேசைக்குக் கீழே அட்டைப்பெட்டி, மரத்தூள் எதுவும் இருக்கக் கூடாது, கைக்கெட்டும் தூரத்தில் உலர் பவுடர் தீயணைப்பான் இருக்க வேண்டும், முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது.

கையுறை தோல் அல்லது தடித்த பருத்தி. நைலான் கையுறையும் பாலியஸ்டர் சட்டையும் தாங்களே உருகித் தோலில் ஒட்டும். உருகிய பிளாஸ்டிக் கையில் ஒட்டிவிட்டால் பிய்த்தெடுக்கத்தான் கை போகும், பிய்த்தால் தோலும் கூடவே வரும். அப்படியே விட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், மோதிரமும் வாட்சும் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள், ஒட்டியதை மருத்துவர் எடுக்கட்டும்.

அப்புறம், மடித்து முடித்த துண்டு. போதுமான சூடு ஏறுவதற்கு முன் அவசரப்பட்டு மடித்தால் மடிப்பு அன்றைக்கு நன்றாகவே தெரியும், உள்ளே இழுவிசை தங்கியிருக்கும், பிறகு ஸ்பிரிட்டால் துடைத்தாலோ பசை பட்டாலோ முடி மாதிரி விரிசல்கள் ஓடும். மடிக்கும்போது தானாகச் சாய வேண்டும், கை பலம் கேட்டால் இன்னும் சூடு போதவில்லை. 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் என்றால் திருப்பித் திருப்பி இரண்டு பக்கமும் சூடாக்க வேண்டும். பூத்தொட்டி ஸ்டாண்டு என்றால் விரிசல் விட்டால் விட்டுப்போகட்டும். சுழல்கிற மெஷினுக்கு முன்னால் நிற்கப்போகும் கவர் என்றால், மடிப்பில் வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தாலும் அதை ஒதுக்கிவிட்டு வேறு ஷீட்டை எடுப்பேன், அதுவும் அக்ரிலிக் இல்லை, பாலிகார்பனேட்.